செத்தவீட்டு நாளில் எண்ணிய சைக்கிள்கள்

போன செவ்வாய்க்கிழமை பேக்கரியில் பாண் வாங்க நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டுகிறது.

"ரீச்சர், இந்தக் கிழமை அந்த எஞ்சினியரைப் பற்றித்தானே எழுதுறியள்?"

திரும்பிப் பார்த்தால், முகம் தெரியும், பெயர் தெரியவில்லை. என்னிடம் படித்தவராக இருக்கலாம். இல்லாவிட்டால் என்னிடம் படித்த பிள்ளையின் தாயாக இருக்கலாம். முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவளுக்கு மன்னாரில் பாதிப்பேர் இந்த இரண்டில் ஒன்றுதான்.

"ஓமோம்... யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

"இதில என்ன யோசினை? கிழி கிழியெண்டு கிழியுங்கோ. செத்தவீட்டண்டைக்கு வந்து சைக்கிள் எண்ணின மனுசன் அவர். பேரைப் போட்டே எழுதுங்கோ. நாங்கள் இருக்கிறம்."

வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பேக்கரிக்காரர் எனக்கு மட்டும் சூடான பாணாகப் பார்த்து எடுத்துத் தந்தார். கிழிக்கப் போகிறவள் அல்லவா, அதற்கான மரியாதை.

வீட்டுக்கு வந்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன். பேனையைத் திறந்தேன்... ஒரு வரிகூட வரவில்லை. நேற்றும் வரவில்லை. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இந்தப் பக்கத்தில் எத்தனை பேரைக் கிழித்திருப்பேன் — கரண்டுக்காரர், தண்ணிக்காரர், ரியூட்டரிக்காரர் — ஒரு நாளும் பேனை மக்கர் பண்ணியதில்லை. இந்த முறை ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்கும் சொல்வதற்கு லேசான கதையில்லை.

மன்னார்ப் பக்கம் வராதவர்களுக்காக — மீன்பிடிக் கிராமமான தாழ்வுபாட்டிலிருந்து டவுனுக்கு வருகிற வீதி நேராக இருக்கும். அவ்வளவுதான் அதன் குறை. நேரான வீதியைக் கண்டால் நம்முடைய டிரைவர்மாருக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். சோளகக் காற்றுத் தொடங்கினால் சைக்கிள்காரர் நடக்கிறவரிலும் மெதுவாகத்தான் போவார். அந்தக் காற்றோடு ஒரு லொறியும் தோளை உரசிக்கொண்டு போனால்... போனவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் அந்த வீதியின் ஓரமாக, இரண்டு சைக்கிள் பக்கத்துப் பக்கத்தில் போகிற அகலத்துக்கு, ஒரு பாதை பிரித்தார்கள். வெறும் வெள்ளைக்கோடு போட்டிருந்தால் நம்மவர்கள் கோட்டுக்கு மேலேயே வான் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். புண்ணியவான் யாரோ, கல் பதித்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் சைக்கிள். அந்தப் பக்கம் மிச்சமெல்லாம்.

முதல் மாதம் அதைப் பாவித்தவை எங்கள் தெருக்களில் திரிகிற கழுதைகள்தான். கல்லுக்குள் லொறி வராது என்பதை மனிதருக்கு முதல் கண்டுபிடித்தவை அவை. பிறகு மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் வந்தன. மேசன் வேலைக்குப் போகிறவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் நான்கு பேராகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு, றமீஸா வந்தார்.

றமீஸா எனக்குப் பதினைந்து வருடமாகச் சட்டை தைக்கிறவர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய குடும்பம். அந்த வீதியின் நடுவிலுள்ள வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள். வேலை டவுனில், ஒரு தையல் கடையில். பஸ் தன் விருப்பத்துக்கு வரும், தன் விருப்பத்துக்கு வராமலும் விடும். அவருடைய கணவர் கல் பதிக்க முதல் அதே வீதியில் லொறி தட்டி இறந்துபோனவர்.

ஒரு நாள் சட்டை கொடுக்க வந்தவர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகினார். பிறகு கேட்டார்:

"ரீச்சர், எனக்குச் சைக்கிள் பழக்கிவிடுவீங்களோ?"

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு அதற்கு மேல் நிறைய. நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்தவள்தான், ஆனால் பழக்கிவிட வேண்டுமென்றால் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமே. ஓடினேன். பின்னேரங்களில், கல்லுக்குள்ளே, கரியரைப் பிடித்துக்கொண்டு. பழகி முடியும்வரை றமீஸா ஒரு தரமும் விழவில்லை. நான் இரண்டு தரம் விழுந்தேன்.

கட்டாரில் இருக்கிற மகனுக்குக் கதை போயிற்று. போன் எடுத்தார். வாப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, பயப்படாதா? கடைசியில் ஒரு கட்டுப்பாட்டோடு சம்மதித்தார்: "கல்லுக்குள்ள ஓடுறதெண்டால் ஓடுங்கோ உம்மா. ரோட்டில ஏறக்குடாது. ஏறினால் அண்டையோட விட்டிடோணும்." றமீஸா சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அவர் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். தைத்துத் தருகிறேன் என்ற நாளுக்கு ஒரு நாள் பிந்தியதில்லை, அப்படிப்பட்ட மனுசி.

ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"கடையில முதலாளி சொல்றதைத் தைக்கிறன். வீட்டில மருமகள், பேரப்பிள்ளையள், சமையல். இந்தச் சைக்கிள்ல போற இருபது நிமிசம் மட்டும்தான், ரீச்சர், ஆரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்ல."

இந்த வருடத் தொடக்கத்தில் கதை வந்தது — பாதையை எடுக்கப் போகிறார்களாம். பெரிய லொறிகள் கூடிவிட்டன, சுற்றுலா பஸ்கள் வருகின்றன, வீதியின் அகலம் காணாது, கல்லைக் கிளப்பினால் வாகனம் நிறுத்தவும் இடம் வரும்... இப்படிக் கடிதம். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். எல்லாக் கந்தோரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகின்றன. மேலேயுள்ள முத்திரை மட்டும் மாறும்.

எதிர்ப்பைத் தொடங்கியவர் யார் என்கிறீர்கள்? சைக்கிளே ஓடத் தெரியாத ஒரு மனிதர்.

பிலேந்திரன் அண்ணை. தாழ்வுபாடு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மெதுவாகக் கதைக்கத் தெரியாது. இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்டால் பக்கத்து வளவிலிருந்து உப்பு வரும்.

"அண்ணை, சைக்கிள் ஓடத் தெரியாத உங்களுக்கேன் இந்த வேலை?" என்று கேட்டேன்.

"நான் மேல சீற்றில இருந்து பார்த்தவன், ரீச்சர். அங்க இருந்து பார்க்கேக்க சைக்கிள் தெரியாது. அவன்ர தலை மட்டும்தான் தெரியும். அதுவும் கண்ணாடியில. எந்தப் பக்கம் சரியப்போறானோ எண்டு முப்பது வருசம் பயந்து பயந்து ஓட்டினவன் நான். கல்லுப் பதிச்ச பிறகு பஸ் ஓட்டுறவங்கள் எவ்வளவு நிம்மதியா ஓட்டுறாங்கள் தெரியுமோ? நான் பென்சன் எடுத்தாப் பிறகுதான் பதிச்சவங்கள். அதுவும் என்ர விதி."

மகஜர் எழுதினோம். எழுதியது நான், கையெழுத்து வாங்கியது அவர். கத்தோலிக்கக் கோயில் வாசல், பள்ளிவாசலடி, மீன் சந்தை, தேத்தண்ணிக் கடை — ஓரிடம் விடவில்லை. கையெழுத்துப் போடாதவரிடம் காரணம் கேட்பார். அந்தச் சத்தத்தில் காரணம் கேட்டால் யார் நின்று சொல்வார்? போட்டுவிடுவார்கள். தொடர்புக்கு என்ற இடத்தில் மட்டும் என் போன் இலக்கத்தை எழுதச் சொன்னார். "என்ர நம்பர் வேண்டாம். நான் கத்திப்போடுவன், காரியம் கெட்டிடும். நீங்கள்தான் பக்குவமாக் கதைப்பியள்" என்றார்.

பக்குவமாக... சரி, அதற்கு வருகிறேன்.

ஒரு கவனயீர்ப்பும் நடத்தினோம். கல்லோரமாக வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் எல்லோரும் ஒன்றாகச் சைக்கிள் மணி அடித்தோம். பங்குச் சுவாமியாரும் அடித்தார், மௌலவியும் அடித்தார். றமீஸா பின்வரிசையில் நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி மெல்ல அடித்தார்.

அதன் பிறகு கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். எஞ்சினியர் வவுனியாப் பிள்ளை. முப்பது முப்பத்தொன்று இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, தானே கதிரை எடுத்துப் போட்டார். சண்டைக்குத் தயாராகப் போயிருந்த பிலேந்திரன் அண்ணைக்கு அது பெரிய ஏமாற்றம்.

"மகஜரை மேல அனுப்பினன், ரீச்சர். கையெழுத்தை மேல இருக்கிறவை பெரிசா எடுக்கமாட்டினம்" என்றார் எஞ்சினியர். "எத்தினை சைக்கிள் போகுது எண்டு கேப்பினம். ஒரு நாள் முழுக்க ஆளை வைச்சு எண்ணித் தாறன். பாவிக்கினம் எண்டு கடதாசியில காட்டினால் நான் கதைக்கலாம். இல்லாட்டி என்ர கையில ஒண்டுமில்லை. ஒரேயொரு நாள்தான் தருவினம், பாத்துச் சொல்லுங்கோ."

நாளைப் பார்த்தவர் பிலேந்திரன் அண்ணை. வெள்ளி ஜும்ஆ, வேண்டாம். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. திங்கள், மீன்பிடிப் போட்டுக்காரர் பிந்தித்தான் எழும்புவார்கள். வியாழன்தான் நாள் — கடலுக்குப் போனவர்கள் வருவார்கள், சந்தை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், வேலையாட்கள் இருப்பார்கள். மேசை போடுகிற இடம் அவருடைய வீட்டுக்கு முன்னால். எண்ண வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும் தன் வீட்டில்தான் என்றார். ஊரெல்லாம் அறிவித்தார். மைக் தேவைப்படவில்லை.

அந்த வியாழனுக்கு முதல் நாள், புதன்கிழமை காலை, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கின அண்ணை குடிக்கவில்லை. கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். தாழ்வுபாட்டுக் கோயிலில் துக்கமணி அடித்தார்கள். அடக்கம் அடுத்த நாள் பின்னேரம் நான்கு மணிக்கு.

புதன் பின்னேரம் மூன்று மணியிருக்கும். நான் செத்தவீட்டிலிருந்து அப்போதுதான் வந்து, முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தது. எஞ்சினியர்.

"ரீச்சர், கேள்விப்பட்டன். மெத்தக் கவலையாக் கிடக்கு. நாளைக்கு எண்ணுறதை மாத்தவோ? செத்தவீட்டுக்கு முன்னால மேசை போடுறதும் வடிவில்லை. நீங்கள் ஓமெண்டு சொன்னால் இப்பவே கதைச்சு வேற நாள் எடுத்துத் தாறன்."

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் சொன்னது இது: "வேண்டாம் தம்பி. மாத்தாதீங்கோ. நாளைக்கே வாங்கோ. அவற்ற செத்தவீட்டுக்கு எவ்வளவு சனம் வரும் தெரியுமோ? சைக்கிளை எண்ணி முடிக்கமாட்டியள்."

அவர் திருப்பிக் கேட்டார்: "யோசிச்சுத்தான் சொல்லுறியளோ, ரீச்சர்?"

"ஓம். யோசிச்சுத்தான்."

ஒரு காரணத்தைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். ஒத்திப்போடுவது என்ற சொல்லில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒத்திப்போட்ட எது திரும்பி வந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? காணிக் கூட்டமா? காணாமல் போனவர்களின் விசாரணையா? பிறகு பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்றுதான் எங்கள் அகராதி. அதனால் விடக்கூடாது என்று நினைத்தேன்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுதக் கை கூசுகிறது. அண்ணையின் சாவுக்கு வருகிற சனத்தை நான் கணக்குப் பார்த்தேன். சவப்பெட்டி வீட்டுக்குள்ளே இருக்க, அந்த மனிதரைக் கொண்டே இன்னும் நாலு சைக்கிள் சேர்க்கப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் பார்த்தேன். ஆனாலும் பார்த்தேன்.

வியாழன் விடிந்தது. ஆறு மணிக்கு ஒரு பொடியனும் ஒரு பெட்டையும் — கந்தோர்ப் பிள்ளைகள் — மேசை போட்டுப் படிவத்தோடு இருந்தார்கள். நான் செத்தவீட்டு வாசலில், பெண்களோடு. அங்கிருந்து பார்த்தால் மேசையும் தெரியும், பாதையும் தெரியும்.

பாதை வெறுமையாகக் கிடந்தது.

தாழ்வுபாட்டில் ஓர் உயிர் போனால், அடக்கம் முடியும்வரை ஒரு போட்டும் கடலில் இறங்காது. போட்டு இறங்காவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் பெட்டி கட்டிய சைக்கிள் இல்லை. மேசன்மார் வேலைக்குப் போகவில்லை, பந்தல் போட நின்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை, செத்தவீட்டில் பாட்டுப்படிக்க நின்றார்கள். ஊர் முழுக்க ஊருக்குள்ளேயே நின்றது. யார் சைக்கிளில் டவுனுக்குப் போவது?

இது எனக்குத் தெரியாதா? அறுபத்து மூன்று வயது, கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவள். கடற்கரையில் செத்தவீடு எப்படி நடக்கும் என்று மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவள். தெரியும். தெரிந்ததை அந்த ஒரு நிமிடத்தில் நினைக்கவில்லை.

சரி, டவுனிலிருந்து வருகிறவர்கள் சைக்கிளில் வருவார்களே? அதையும் கேளுங்கள். பஸ் டிரைவருடைய சாவு அல்லவா. அவரோடு வேலை செய்தவர்கள் ஒரு பஸ்ஸையே பிடித்து, டவுனில் யார் யார் போக வேண்டுமோ எல்லோரையும் ஏற்றி இறக்கினார்கள். காலையிலிருந்து நாலைந்து தரம். கோயில் சபைக்காரர் வானில் வந்தார்கள். மலர்வளையத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு யார் வருவார்? மேசையிலிருந்த பெட்டை குனிந்து பஸ் என்ற பக்கத்தில் கோடு போட்டாள். வான் என்ற பக்கத்தில் கோடு போட்டாள். ஓட்டோ என்ற பக்கத்தில் கோடு மேல் கோடாகப் போட்டாள்.

எட்டரை மணிக்கு றமீஸா வேலைக்குப் போவதற்குப் பதில் இந்தப் பக்கமாக மிதித்துக்கொண்டு வந்தார். மௌத்து வீட்டுக்கு வந்தவர். உள்ளே போய் அண்ணையின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். பாதையை இந்த முனை அந்த முனை பார்த்தார்.

"எங்க ரீச்சர், சைக்கிளுகள்?"

"வருவினம்" என்றேன்.

பத்து மணிக்கும் வரவில்லை. பிறகு பார்த்தால் றமீஸா சைக்கிளில் ஏறுகிறார். டவுன் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போனார். திரும்பி வந்தார். மேசையைத் தாண்டினார். மறுபடி போனார்... சோளகம் எதிரே அடிக்கிறது. அபாயா காற்றில் படபடக்க, முன்னால் குனிந்து மிதிக்கிறார். போகிறார், வருகிறார். போகிறார், வருகிறார்.

மூன்றாம் நாலாம் தரம் தாண்டும்போது அந்தப் பெட்டை எழுந்து வந்தாள். "அக்கா, ஒராளைப் போகேக்க ஒருக்கா, வரேக்க ஒருக்காத்தான் எழுதலாம். உங்களை எழுதீற்றன்."

"பரவாயில்லை மகள்" என்றார் றமீஸா. மூச்சு வாங்கியது. "நான் சும்மா ஓடுறன்."

நிறுத்தவில்லை. மத்தியானம்வரை ஓடினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். இது என்னால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

நான்கு மணிக்குப் பெட்டி தூக்கினார்கள். வீதி முழுக்கப் பஸ்ஸும் வானும் அடைத்துக்கொண்டு நின்றதால், சுவாமியார் முன்னே போக, பெட்டியைச் சைக்கிள் பாதையால்தான் கொண்டுபோனார்கள். புதைக்கிற சேமக்காலைவரை கல்லுக்குள்ளே சனம். அத்தனை சனத்தை அந்தப் பாதை ஒரு நாளும் கண்டிருக்காது. எல்லோரும் நடந்தார்கள். படிவத்தில் நடக்கிறவர்களை எழுத இடமில்லை. எஞ்சினியரும் வந்திருந்தார், மேசைக்குப் பின்னால் தலை குனிந்து நின்றார். றமீஸா சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி ஓரமாக நின்றார்.

அன்று முழுக்கப் போன சைக்கிள்களை எண்ண இரண்டு கை விரல் போதுமாயிருந்தது.

சில கிழமைகள் கழித்துத் தீர்மானம் வந்தது. பாதை எடுக்கப்படும். ஊர் கொதித்தது. கூட்டம் வைத்தார்கள், எஞ்சினியரை வரச் சொன்னார்கள். பாவம், வந்தார். "எண்ணத் தெரியாத எஞ்சினியரே" என்று மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் எழுந்து கேட்டார்: "செத்தவீட்டண்டைக்கு எண்ண வந்தது ஆர்ர புத்தி?"

மண்டபம் முழுக்க ஓமென்று சத்தம் போட்டது. எஞ்சினியர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு தரம்தான். நான் முன்வரிசையில், கதிரையில், மடியில் மகஜர்ப் பிரதியோடு இருந்தேன்.

"அது என்ர முடிவு" என்றார்.

என்ர முடிவு... அந்தப் பிள்ளைக்கு என்னைக் காட்டிக்கொடுக்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எனக்குக் கைகொடுத்தார்கள் — "ரீச்சர் எவ்வளவு பாடுபட்டவ."

ஒன்று பறிபோனால் நாங்கள் உடனே தேடுவது பறித்தவரைத்தான். அவர் அரசாங்க ஜீப்பில் வருகிறவர் என்றால் இன்னும் வசதி, பிறகு தேட வேண்டியதில்லை. எட்டு வருடமாக நானும் இந்தப் பக்கத்தில் அதைத்தானே செய்து வந்திருக்கிறேன்? ஜீப்பைக் கண்டால் பேனை தானாகத் திறக்கும்.

மெசின் டவுன் பக்கத்திலிருந்து கல்லைக் கிளப்பத் தொடங்கியது. ஒரேயடியாக இல்லை, ஒரு நாளைக்குக் கொஞ்சம். மறித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் நின்றது, பிறகு தொடர்ந்தது.

நான் தினமும் பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். றமீஸா வேலை முடிந்து வருவார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, வீதியோர மண்ணில் நடந்து வருவார். கல் தொடங்குகிற இடம் வந்ததும் ஏறுவார். மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ரோட்டில் ஏறமாட்டேன் என்று மகனுக்குக் கொடுத்த சத்தியம். ஒவ்வொரு நாளும் உருட்டுகிற தூரம் கூடியது, மிதிக்கிற தூரம் குறைந்தது. ஒரு நாள் அவர் ஏறி, நாலு மிதி மிதித்து, வீட்டு ஒழுங்கை வந்துவிட்டதால் இறங்கினார். அடுத்த நாள் அவர் வரவில்லை.

கடையை விட்டுவிட்டார். இப்போது வீட்டிலிருந்து தைக்கிறார். இரண்டு கிழமைக்கு முன் சட்டைத்துணி கொடுக்கப் போனேன். தையல் மெசினைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள். சமையலறையிலிருந்து மருமகள் கூப்பிடுகிறாள். சைக்கிளைக் கேட்கவில்லை, அவரே சொன்னார், அடம்பன் கிராமத்திலிருக்கிற மருமகளின் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"பரவாயில்லை ரீச்சர், பழகீற்றுது" என்றார். அளவு எடுக்கிற நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். மெசின் சத்தம், பிள்ளைகளின் சத்தம், மருமகளின் சத்தம்... நான் இருந்த அரைமணி நேரத்தில் யாராவது ஏதாவது அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குச் சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான். துணி ஒரு சாட்டு. தேத்தண்ணி தந்தார், குடித்தேன். அளவு எடுத்தார், நின்றேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாராம். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் முழுவதும் வாசிப்பாராம். படலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்கட பாதையைப் பற்றி எழுதுங்கோ ரீச்சர். ஆனால் அந்த எஞ்சினியர் தம்பியை ஏசாதீங்கோ. முகத்தைப் பாத்தால் அப்பிடியான பிள்ளையாத் தெரியேல்ல. ஆரோ சொல்லித்தான் அண்டைக்கு எண்ண வந்திருக்கும்."

ஓம் றமீஸா, ஆரோ சொல்லித்தான் வந்தது. மாத்தவோ எண்டு அந்தப் பிள்ளை போன் எடுத்துக் கேட்டது. வேண்டாம், நாளைக்கே வாங்கோ எண்டு சொன்னது நான்.